நாலாம் பிரிவுக்கு ஆள் வேண்டும்

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை ஏழு நிமிடத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அறை வாசலில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அலுவலக எழுத்தர். ஐந்து வயதுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும், ஏழு நிமிடம் கழித்து அடுத்ததை அனுப்ப வேண்டும், மாலையில் டீச்சர்கள் தருகிற தாள்களை அடுக்கிக் கோப்பில் போட வேண்டும். அந்த ஏழு நிமிடத்தில் கடகடவென்று பேசுகிற பிள்ளை முதல் பிரிவு. கொஞ்சம் தயங்கினால் இரண்டு, மூன்று. வாயே திறக்காவிட்டால் நாலாம் பிரிவு. நாலாம் பிரிவில் போய் உட்கார்ந்த பிள்ளை அங்கிருந்து எழுந்து வேறு பிரிவுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

அக்காவை எங்கள் குடியிருப்பில் 'ஸ்பீக்கர்' என்பார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே ஆறு இயந்திரங்கள் ஒரே சமயத்தில் உருளும். பக்கத்தில் நிற்பவளிடம் 'அந்தக் கூடையை நகர்த்து' என்று சொல்வதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். பதினெட்டு வருடம் அப்படிக் கத்திக் கத்தி அவள் குரல் அந்த அளவிலேயே நின்றுபோய்விட்டது. அவள் ரகசியம் சொன்னால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயம் எனக்குத் தெரிவதற்கு முன்பே தண்ணீர் வண்டிக்காரருக்குத் தெரிந்ததற்குக் காரணம், அக்கா அதை அம்மாவின் காதோடு சொன்னதுதான்.

இப்படிப்பட்டவள் ஐந்து வயதில் வாயில்லாப் பூச்சி என்றால் நம்புவீர்களா?

எங்களுடையது ஐந்து மாடிக் கட்டடம். மாடிக்குப் பத்து வீடு, வீட்டுக்கு ஓர் அறை. அலுவலகங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், பணிமனையில் பேருந்து கழுவுபவர்கள், சந்தையில் மூட்டை இறக்குபவர்கள், காவலாளிகள். எல்லோருக்கும் இரவு வேலை. ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் எங்கள் அப்பாக்கள் வந்து படுப்பார்கள். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரைக்கும் அந்த ஓர் அறையில் மூச்! கதவுக் கீலுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போடுவோம். பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல்தான் வைப்போம். பேசக் கூடாது என்பதால் அம்மாக்கள் எல்லாவற்றுக்கும் சைகை வைத்திருந்தார்கள். கன்னத்தைத் தட்டினால் தண்ணீர். வயிற்றைத் தட்டினால் பசி. முட்டியைத் தட்டினால் வெளியே போக வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைகூட இதை அச்சாகச் செய்யும். விருந்தாளிகள் வந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்ன அடக்கமான பிள்ளைங்க!" என்று வியந்துவிட்டுப் போவார்கள். அம்மாக்களுக்குப் பெருமை பிடிபடாது.

அப்பாக்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. தூங்காமல் மூட்டை தூக்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்கே ஆயிற்று. எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, தூக்கக் கலக்கத்தில் லாரி மேலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூட்டை தூக்க முடியாது என்று ஒரு கிடங்கில் பகல் காவலுக்கு மாற்றினார்கள். காலையில் அவர் கிளம்பிப் போன பிறகு வீடு என் ராஜ்ஜியம். ஓடினேன், கத்தினேன், பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன், 'இது ஏன், அது ஏன்' என்று கேட்டு அம்மாவின் உயிரை எடுத்தேன். ஐந்து வயதில் அந்தச் சோதனை அறைக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன். முதல் பிரிவு.

அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். அவள் அதே அறைக்குப் போனபோது அப்பாவுக்கு இரவு வேலை. டீச்சர் குடைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குக் குடை தெரியாதா? தெரியும். பெரிய மனிதர்கள் முன்னால் சத்தம் போடக் கூடாது என்பதும் தெரியும். தொண்டை வறண்டு தண்ணீர் வேண்டும் போலிருந்ததாம். கன்னத்தைத் தட்டினாள். டீச்சருக்குப் புரியவில்லை. மறுபடி தட்டினாள். நான் இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய பீரோவைத் துடைத்தபோது அவளுடைய தாள் கையில் கிடைத்தது. 'பேச்சு இல்லை. காரணமின்றிக் கன்னத்தில் தட்டிக்கொள்கிறாள். மந்தம். நான்காம் பிரிவு.' பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டுக்குள் என் தாளும் இருந்தது. 'நன்றாகப் பேசுகிறாள். கூர்மை.'

எனக்குக் கூர்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் அப்பாவுக்கு இடுப்பு உடைந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாம் பிரிவு என்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை. அதற்கென்று ஒரு டீச்சர் உண்டு, ஆனால் வேறு பிரிவு டீச்சர் யாராவது லீவு போட்டால் முதலில் அவரைத்தான் இழுத்துக்கொள்வார்கள். விழா என்றால் பெஞ்சு தூக்க நாலாம் பிரிவு. மைதானத்தில் காகிதம் பொறுக்க நாலாம் பிரிவு. அக்கா எட்டு வருடம் பெஞ்சு தூக்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்க எப்படியோ கற்றுக்கொண்டாள், அதுவும் என் புத்தகத்தைப் பார்த்துத்தான். பதிமூன்று வயதில் நின்றுவிட்டாள். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மந்தமான பிள்ளை என்று பள்ளிக்கூடமே சொல்லிவிட்டதே! தண்ணீர் தெளித்துவிட்டார்கள்.

பிறகு சலவைக்கூடம். பிறகு கல்யாணம். மாமாவுக்குப் பணிமனையில் பேருந்து கழுவுகிற வேலை, அதுவும் இரவில். அதே கட்டடம், நாலாம் மாடி. பல வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை. நாங்கள் 'குட்டி' என்போம்.

குட்டிக்கு மூன்று வயது இருக்கும். ஒருநாள் பகலில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். குட்டி அக்காவின் புடவையை இழுத்து, அவள் திரும்பியதும், கன்னத்தைத் தட்டினாள்.

அக்கா எழுந்து தண்ணீர் ஊற்றினாள். பாதி ஊற்றியவள் நிறுத்திவிட்டாள். அந்தச் சைகையைக் குட்டிக்கு வேறு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அவளேதான். கை தானாகச் செய்திருக்கிறது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் நின்றாள். அப்புறம் அந்தக் குரலில், ஆறு இயந்திரத்தையும் தாண்டுகிற குரலில், "வாயத் தொறந்து கேளுடி! தண்ணி வேணும்னு கேளு!" என்றாள்.

மாமா அலறி அடித்துக்கொண்டு எழுந்தார். குட்டி பேய் அறைந்த மாதிரி நின்றது. அக்கா அழுதாள், கத்தினாள், மாமாவைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், செத்துப்போன அம்மாவைத் திட்டினாள். "என் பொண்ணும் பெஞ்சு தூக்கணுமா? கேக்குறேன், சொல்லுங்க, என் பொண்ணும் தூக்கணுமா?" மாமா பாவம், "எந்தப் பெஞ்சு?" என்று கேட்டு இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மறுநாளே அவள் குடியிருப்புச் செயலாளரிடம் போய் நின்றாள். கட்டடத்துக்குப் பின்னால், ஜன்னல் எதுவும் இல்லாத பக்கத்தில், பழைய பம்பு அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. புது மோட்டார் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை.

"சாவியக் குடுங்கண்ணே."

"எதுக்கும்மா?"

"பிள்ளைங்க கத்துறதுக்கு."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத்துறதுக்கு ஒரு ரூமா? சும்மா இருக்குற பிள்ளைங்கள ஏம்மா கெடுக்கிற?"

"சும்மா இருக்குறதாலதாண்ணே கெட்டுப்போச்சு. உங்க பேரன் எந்தப் பிரிவு?"

செயலாளரின் பேரன் நாலாம் பிரிவு. சாவி வந்தது.

அக்கா சலவைக்கூடத்தில் மதிய ஷிஃப்ட்டுக்கு மாறிக்கொண்டாள். காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை பம்பு அறை. முதலில் குட்டி மட்டும், பிறகு பக்கத்து வீட்டுச் சுருட்டை, பிறகு ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு பிள்ளைகள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். சைகை செல்லாது. தண்ணீர் வேண்டுமா, வாயால் கேள். கழிப்பறையா, வாயால் கேள். பக்கத்துப் பிள்ளை கிள்ளினானா, அவனிடமே போய் "ஏன்டா கிள்ளுன?" என்று கேள். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் ஜாடை காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தன. ஒன்று டவுசரை நனைத்துக்கொண்டதே தவிர வாயைத் திறக்கவில்லை. அக்கா அதைக் கழுவிவிட்டபடி, "பரவால்ல, நாளைக்குக் கேப்பே" என்றாள்.

மருத்துவமனையில் கிழிந்துபோன படுக்கை விரிப்புகளைக் கொதிக்க வைத்துத் துவைத்துக் கொண்டு வருவாள். அதில் கரியால் படம் போட வேண்டும். போட்ட படத்தைப் பற்றிக் கதை சொல்ல வேண்டும். பொய்யாக இருந்தாலும் சரி. "பொய்ன்னா நீளமாச் சொல்லணும், குட்டையாச் சொன்னா ஒத்துக்க மாட்டேன்" என்பாள். நான் என் பங்குக்குப் பள்ளியில் கழித்துப் போட்ட படப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பெரிய தொண்டு செய்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பிரச்சினை வராமலா? வந்தது. பேசிப் பழகிய பிள்ளைகள் வீட்டிலும் பேசின. ஒரு வாரம் இரண்டாம் மாடியில் ஒருவரும் தூங்கவில்லை. மூட்டைக்காரர் ஒருவர் கண் சிவக்கக் கீழே இறங்கி வந்து, "என் பொண்ணு தூங்கவிடாம என்கிட்டயே ஏன் தூங்குறன்னு கேக்குது! நான் லாரில இருந்து விழுந்தா நீயா சோறு போடுவ?" என்று எகிறினார். அக்காவுக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்திருக்க வேண்டும். பதிலுக்கு எகிறவில்லை. "நீங்க சொல்றது நியாயம். பத்து நாள் குடுங்க" என்றாள். பத்து நாளில் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் பழக்கினாள். எங்கே சத்தமாக, எங்கே மெதுவாக என்று. ஆனால் மெதுவாக என்றால் பேச்சே இல்லை என்று அர்த்தமில்லை. காதோடு காதாகக் கேட்கலாம், சொல்லலாம், சண்டைகூடப் போடலாம். அப்பாக்கள் தூங்க, பிள்ளைகள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டே இருந்தன. தானே கிசுகிசுக்கத் தெரியாதவள் அதை எப்படிக் கற்றுக்கொடுத்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடிற்று. ஊரில் மற்ற பிள்ளைகள் இரண்டு வருடம் பணம் கட்டி, விளையாட்டுப் பள்ளியில் பேசிப் பழகிவிட்டு எங்கள் பள்ளிக்கு வருகின்றன. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அதே இரண்டு வருடம் பேசாமல் பழகிவிட்டு வருகின்றன. இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்து ஒரே படத்தைக் காட்டுவதற்குப் பெயர் பொதுச் சோதனையாம். இந்த வருடம் முதல்முறையாகப் பன்னிரண்டு பிள்ளைகள் அக்காவின் பம்பு அறையிலிருந்து அந்த நாற்காலிக்குப் போகின்றன. ஒன்றுகூட நாலாம் பிரிவுக்குப் போகக் கூடாது. அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சோதனை ஒரு திங்கட்கிழமை. அப்பா அம்மாக்கள் வேலை முடிந்து தூங்காமல், சீருடையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றார்கள். சுருட்டையின் அம்மா மகளின் தலையைக் கோதிவிட்டு, பயமும் பாசமுமாக, "பெரிய இடம்டா கண்ணு. வாயத் தொறக்காம நல்ல பிள்ளையா இருந்துட்டு வா" என்றாள்.

அக்கா அந்த அம்மாவைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். "ஏம்மா! ரெண்டு வருஷம் நான் நாயாக் கத்துனது எதுக்கு? நீ ஒத்த வார்த்தைல தலைல மண்ண அள்ளிப் போடுறியே!" தெருவே திரும்பிப் பார்த்தது. விசாரித்தால் வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதையேதான் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளை என்றால் சத்தம் போடாத பிள்ளை. எங்கள் கட்டடத்தில் அதைத் தவிர நல்ல பிள்ளைக்கு வேறு அர்த்தம் கிடையாது. அக்கா பன்னிரண்டையும் வட்டமாக நிறுத்தி, "அம்மா சொன்னத மறந்துடுங்க. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்" என்றாள். பிள்ளைகள் "சரிக்கா!" என்று கூவியதில் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார்.

பிள்ளைகள் பேசின. நான் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுருட்டைக்கு ஒரு படம் காட்டினார்கள். கட்டிலில் ஓர் ஆள் தூங்குகிறான், ஜன்னலுக்கு வெளியே எதுவும் வரையவில்லை.

"இவர் எப்போ தூங்குறார்?" என்றார் டீச்சர்.

"காலைல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்பா எப்போ தூங்குவாங்க?"

"காலைலதான். ராத்திரி பஸ் கழுவப் போயிடுவாங்க."

"ராத்திரிதாம்மா எல்லாரும் தூங்குவாங்க."

"இல்ல டீச்சர். அப்ப பஸ்ஸ யாரு கழுவுவா? நீங்க வேணா எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. ஆனா சத்தம் போடாம வரணும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

மாலையில் தாள்கள் என் மேசைக்கு வந்தன. சுருட்டை: 'விடை தவறு. எதிர்த்துப் பேசுகிறாள். அடக்கம் இல்லை.' குட்டி: 'அதிகப்பிரசங்கி. கேள்விக்குக் கேள்வி கேட்கிறாள்.' இன்னொன்று: 'குரல் அதிகம். வகுப்புக்கு ஒத்துவராது.' பன்னிரண்டு தாளிலும் கீழே ஒரே முடிவு. நான்காம் பிரிவு.

பேசாவிட்டால் மந்தம், பேசினால் திமிர். தாள்களை அள்ளிக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். "மேடம், இந்தப் பிள்ளைங்க எல்லாம் நல்லாப் பேசிச்சு. நான் கேட்டுட்டுதான் இருந்தேன். லிஸ்ட்ட மாத்தணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை, கோபப்படவில்லை. "நாலாம் பிரிவுக்கு ஆள் வேணும்ல? நாப்பது பேர் இல்லேன்னா அந்த டீச்சர் பணியிடமே போயிடும். இதுல ஒண்ணு உன் அக்கா பொண்ணுல்ல? முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா? அத முதல் பிரிவுல போட்டுடலாம். மத்ததுக எப்பவும் போலப் போகட்டும்."

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை, இருந்தது. குட்டி தப்பித்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே என்மீது எனக்கே அருவருப்பாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரைக்கும் மழுப்பிக்கொண்டே வந்தேன். அந்த லிஸ்ட்டைத் தட்டச்சில் அடித்தது நான். சோதனைக்குப் பிறகு அல்ல, முந்தின வெள்ளிக்கிழமையே. எங்கள் பள்ளியில் நடைமுறை அப்படி. பெஞ்சு, புத்தகம் எல்லாம் முன்கூட்டியே பிரிக்க வேண்டும் என்பதற்காகச் சோதனைக்கு முன்பே பிரிவுப் பட்டியல் தயாராகிவிடும். "அந்தக் கட்டடத்து விலாசம் எல்லாம் நாலாவதுல போட்டு வை, அப்புறம் தேவப்பட்டா திருத்திக்கலாம்" என்பார் மேடம். நானும் வரைவுதானே, வரைவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடிப்பேன். பதினோரு வருடத்தில் மூன்றோ நாலோ பெயர்தான் திருத்தப்பட்டது, அதுவும் சிபாரிசு பிடித்தவர்கள் பெயர். சோதனை என்பது வெறும் கண்துடைப்பு. அதற்குக் கடிகாரம் பார்த்து ஆள் அனுப்பியவளும் நான்தான்.

பட்டியலை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனேன். அக்காவும் மற்றவர்களும் இன்னும் அங்கேயே நின்றார்கள். அதை அக்காவின் கையில் கொடுத்தேன்.

அவள் படிக்கத் தொடங்கினாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக. தானாகக் கற்றுக்கொண்டவள் அப்படித்தான் படிப்பாள். ஒரு பெயர் முடிவதற்குள் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெயர் முடிந்ததும் "நாலு" என்பாள். மறுபடி விரல் கீழே இறங்கும். "நாலு." குட்டியின் பெயரையும் அதே குரலில் படித்தாள். "நாலு." பன்னிரண்டும் முடிந்த பிறகும் விரல் நிற்கவில்லை. தாளின் அடியில் இருந்த தேதிக்குப் போயிற்று.

"இன்னிக்குத் திங்கக்கிழமதானே?" என்றாள்.

விரல் அந்தத் தேதியிலேயே நின்றது.

"இதுல வெள்ளிக்கிழமத் தேதி போட்டிருக்கே. பிள்ளைங்க உள்ள போனதே இன்னிக்குத்தானே. இத யாருடி அடிச்சது?"

"நான்தான்க்கா" என்றேன்.

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு."

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "புத்தகத்தையும் நீயே கொண்டாந்து குடுத்து, லிஸ்ட்டையும் நீயே அடிச்சியா?" என்றாள். "செயலாளர் பேரனையும் நீதான் அடிச்சியா?" என்றாள். தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற மூட்டைக்காரர் தரையில் துப்பினார்.

"வா உள்ள" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்குச் சொன்னத அந்தம்மா மூஞ்சிக்கு நேராச் சொல்லு."

இருபது பேருக்கு மேல் அந்த அறைக்குள் நுழைந்தோம். பேருந்துச் சோப்பு வாசனையும் வேர்வை வாசனையும் அறையை நிரப்பின. தலைமை ஆசிரியை எழுந்து, "ஒவ்வொருத்தரா வாங்க, இது பள்ளிக்கூடம்" என்றார். அக்கா, "பேசப்போறது நான் இல்ல, உங்க ஆளு" என்று என்னை முன்னால் தள்ளினாள். சொன்னேன். எந்த வருடம் எத்தனை பெயர், யார் சொல்லி அடித்தேன், எப்போது அடித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சுருட்டையின் அம்மா, காலையில் மகளை வாய் திறக்காதே என்று சொன்ன அதே அம்மா, மேசைமேல் கையை ஊன்றி, "மறுபடி சோதன வைங்க. நாங்க எல்லாரும் உள்ள உக்காந்திருப்போம். வைக்கிற வரைக்கும் இங்கயேதான் இருப்போம். எங்களுக்கு என்ன, தூங்காம இருந்து பழக்கந்தான்" என்றாள்.

புதன்கிழமை மறுசோதனை நடந்தது. பெற்றோர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பிள்ளைகள் முதல் பிரிவு, ஐந்து இரண்டாம் பிரிவு, நாலு மூன்றாம் பிரிவு. குட்டி இரண்டாம் பிரிவு. பன்னிரண்டில் ஒன்றுகூட நாலாம் பிரிவு இல்லை. குடியிருப்பில் அன்று பட்டப்பகலில் சிரிப்பும் கூச்சலுமாக இருந்ததாம். என்னை யாரும் கூப்பிடவில்லை. பள்ளியில் என்னை அலுவலகத்திலிருந்து எடுத்துக் கிடங்குக்குத் தூக்கிப் போட்டார்கள். அது எனக்குக் குறைந்த தண்டனை.

பள்ளி திறந்த அன்று சுண்ணக்கட்டிப் பெட்டி கொடுக்க நாலாம் பிரிவு அறைக்குப் போனேன். பன்னிரண்டு இடமாவது காலியாக இருக்கும் என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. எங்கள் பிள்ளைகள் விட்ட இடத்தில், சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் இருக்கின்றனவே, அங்கிருந்து வந்தவை. வழக்கமாக மூன்றாம் பிரிவுக்குப் போகிறவர்களில் பாதியைப் பிடித்து இங்கே இறக்கியிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன.

வேலை முடிந்ததும் பதறியடித்துக்கொண்டு பம்பு அறைக்கு ஓடினேன். அன்று அக்காவுக்கு விடுமுறை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவளை அன்றுதான் பார்க்கிறேன்.

"அக்கா, நாலாம் பிரிவ மறுபடி ரொப்பிட்டாங்க. கொட்டகைப் பிள்ளைங்க. அந்தம்மாவ விடக் கூடாதுக்கா, நீ வந்து கேளு" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் கொட்டகைல பிள்ளைங்கள உக்கார வெச்சுப் பேச யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"நீ இருக்கியே."

"எனக்கு வேலை இருக்கே அக்கா..."

விரிப்பைக் கீழே போட்டாள். "எனக்கு மட்டும் வேலை இல்லையா? பதினோரு வருஷம் உக்காந்து அடிச்சல்ல, அதே பதினோரு வருஷம் அங்க போய் உக்காரு. அதுக்கப்புறம் வந்து அக்கான்னு கூப்பிடு."

மறுவாரம் போனேன். பள்ளிக்குப் போவதற்கு முன்னால், காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. கொட்டகைக்காரர்கள் முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள், பிறகு காய்கறிக் கூடைகளை நகர்த்தி ஒரு மூலையைக் கொடுத்தார்கள். போகத் தொடங்கி இது ஐந்தாவது மாதம். ஒன்பது பிள்ளைகள் வருகின்றன. அதில் நாலு இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா இதுவரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.